சேலத்துக் கரண்டுக்கு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்: முதல் முறை கம்ப்யூட்டர் சேர்ப்பவர்களுக்கு

என் அத்தை மகன் கொண்டலாம்பட்டியில் சேலை டிசைன் போடுகிறான். தறிக்கு ஜக்கார்டு அட்டை அடிப்பதற்கு முன்பு, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூவும் மாங்காயும் வரைந்து தருகிற வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் அவன் கம்ப்யூட்டர் 'டப்' என்ற சத்தத்தோடு அணைந்தது. எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, மட்டும் போயிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஐந்து வருடத்து டிசைன்கள் அதில் இருந்தன. கேபினெட்டோடு 'ஃப்ரீ' என்று கொடுத்த எஸ்எம்பிஎஸ் அது, மேலே 500 வாட் என்று ஒட்டியிருந்தது. பழுது பார்ப்பவர் பிரித்துக் காட்டினார். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் ஃபில்டர் பாகங்கள் இருக்க வேண்டும். அங்கே வெறும் துண்டுக் கம்பிகளைப் பற்றவைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து, கம்ப்யூட்டர் சேர்க்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் பேச்சை எஸ்எம்பிஎஸ்ஸில்தான் தொடங்குகிறேன். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பட்ஜெட் பிரித்துவிட்டு, மிச்சம் மீதியில் வாங்கும் பொருளாக இதை வைத்திருக்கிறோம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசியாக்கி, அதை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கிக் கொடுக்கும் பெட்டி இது. அந்த 300-க்கும் உங்கள் மதர்போர்டின் 12-க்கும் நடுவே நிற்கிற காவல் இது ஒன்றுதான்.

முதலில் சுவர்

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் மெதுவாகச் 'சுர்ர்' என்று இழுக்கிறதா? பலர் இதை எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று நினைத்து மாற்றுகிறார்கள். புதியதிலும் அதே சுர்ர் வரும். மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்களை எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உடலோடு இணைத்திருப்பார்கள். அவை வழியாக வரும் சின்னக் கசிவு எர்த் கம்பியில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அதற்கு இறங்க வழியில்லாமல் கேபினெட் முழுவதும் 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் இது ஆளை அடிக்காது. ஆனால் நாளைக்கு உண்மையான ஷார்ட் ஏற்பட்டால் அதுவும் போக வழி தேடும், அப்போது வழியாக இருப்பது தொட்டவரின் உடம்பு.

குகை, செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் அழகாக இருக்கும், மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இதை நீங்களே நோண்டிப் பார்க்க வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பல்பு எரிகிற அதே வெளிச்சம் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் வர வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. வீட்டில் ஆர்சிசிபி (கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டியிருந்தால் பல்பு வைத்த உடனே அது ட்ரிப் ஆகும். எர்த்துக்குப் பாதை இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எர்த் இல்லாத இடத்தில் சிலர் குறுக்கு வழியாக, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். சுர்ர் நின்றுவிடும், எல்லாருக்கும் நிம்மதி. பிறகு என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். தயவுசெய்து யாரையும் இப்படிச் செய்ய விடாதீர்கள். எர்த் குழி தோண்டுகிற செலவு எஸ்எம்பிஎஸ் விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆனாலும் அதுதான் முதல் செலவு. குழி ஏற்கெனவே இருந்தால் கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நம் ஊர்க் கரட்டு மண்ணில் பங்குனிக்குள் ஈரம் வற்றிவிடும். ஈரம் இல்லாத குழி கசிவைச் சரியாக வாங்காது.

சுவரில் எர்த் இருந்தும் அது கம்ப்யூட்டர் வரை வராமல் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வருவது இரண்டு கம்பி ஒயராக இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது பவர் கேபிள். மலிவு கேபிள்கள் சிலவற்றில் எர்த் பின்னுக்குக் கம்பியே ஓடியிருக்காது. கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வையுங்கள். ஒரு முனையைப் பெரிய பின்னிலும், மறு முனையை கம்ப்யூட்டரில் சொருகும் பக்கத்து நடு ஓட்டையிலும் வைத்தால் பீப் வர வேண்டும். அரை நிமிட வேலை.

எத்தனை வாட்?

"அண்ணா, 650 வாட் போட்டா கரண்ட் பில் ஏறுமாங்கண்ணா?" என்று பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் கேட்டான். ஏறாது. 650 என்பது அது கொடுக்கக்கூடிய உச்சம். கம்ப்யூட்டர் 90 வாட் கேட்டால் 90-தான் கொடுக்கும், அதோடு தன் சொந்த இழப்பைச் சேர்த்துச் சுவரிலிருந்து இழுக்கும். அதற்காகப் பெரியதாக வாங்கிக் குவிக்க வேண்டும் என்றும் இல்லை.

கணக்கு எளிது. பிராசசர் உச்சத்தில் இழுக்கும் வாட், கிராபிக்ஸ் கார்டின் வாட், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 60, 70 வாட். மொத்தத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். டேலி, ஆன்லைன் வகுப்பு, பிரவுசர் என்று இருப்பவர் இன்டெல் ஐ3-12100 வைத்துச் சேர்க்கிறார் என்றால் அதன் உச்சம் 89 வாட். தனி கார்டு கிடையாது. 89-உம் 60-உம் 149, ஒன்றரை மடங்கு 224. உண்மையாக 300 வாட் தரும் எஸ்எம்பிஎஸ் இவருக்குத் தாராளம். நல்ல கம்பெனிகளின் மலிவு வரிசை பெரும்பாலும் 400, 450-லிருந்துதான் கிடைக்கிறது என்பதால் அதையே வாங்கிவிடலாம்.

கேம் விளையாட ஐ5-12400எஃப் பிராசசரும் ஆர்எக்ஸ் 6600 கார்டும் போடுகிறவருக்கு 117-உம் 132-உம் 70-உம் சேர்ந்து 319. ஒன்றரை மடங்கு 480-ஐ ஒட்டி வரும். இந்தக் கார்டுக்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 450. நான் 550 வாங்கச் சொல்வேன், பின்னால் கார்டை மாற்றும்போது உதவும். ஆர்டிஎக்ஸ் 3060 இழுப்பது 170 வாட், என்விடியா பரிந்துரைப்பது 550. கார்டு கம்பெனிகள் தங்கள் பரிந்துரையில் மோசமான எஸ்எம்பிஎஸ்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் சொல்கின்றன. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இரண்டு மடங்குகூட இழுத்துவிட்டு இறங்கும் என்பதும் அந்த இடைவெளிக்குக் காரணம்.

லேபிளை வாசிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் கட்டம் போட்ட லேபிள் ஒன்று இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற பத்தியைத் தேடி, அதன் கீழே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள்.

இப்போதைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கார்டும் விசிறியும் ஓடுவது அந்த 12 வோல்ட்டில்தான். 5-உம் 3.3-உம் யூஎஸ்பி, எஸ்எஸ்டி மாதிரி சின்ன வேலைகளுக்கு. இருபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் 5 வோல்ட்டுக்கு மரியாதை அதிகம், மலிவு எஸ்எம்பிஎஸ் பலவற்றின் வடிவமைப்பு இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. 450 வாட் என்று எழுதிய நேர்மையான ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர் போல இருக்கும். பெருக்கினால் 432. சொன்னதில் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. கேபினெட்டோடு வரும் '500 வாட்' பெட்டியில் அதே இடத்தில் 16 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 192. மிச்சமுள்ள 308 வாட்டை உங்கள் கம்ப்யூட்டர் எந்த நாளும் பயன்படுத்தப் போவதில்லை, அப்படி ஒன்று உள்ளே இருந்தால்தானே பயன்படுத்த.

12வி1, 12வி2 என்று இரண்டு பத்தி இருந்தால் இரண்டு ஆம்பியரையும் கூட்டக் கூடாது. கீழே இரண்டுக்கும் சேர்த்து உச்ச வாட் தனியாக எழுதியிருப்பார்கள், அதுதான் கணக்கு. எழுதவில்லை என்றால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அதே லேபிளில் உள்ளீட்டு வோல்ட்டேஜையும் பாருங்கள். சிலவற்றில் 100–240 என்று இருக்கும், சிலவற்றில் 200–240 மட்டும். டவுனுக்குள் எது என்றாலும் ஓடும். ஏற்காட்டு எஸ்டேட் வீடுகள் மாதிரி, டிரான்ஸ்பார்மரிலிருந்து நீளமாகக் கம்பி இழுத்த இடங்களில், எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடும் குளிர்கால மாலைகளில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். அங்கே 100–240 உள்ளதுதான் வேண்டும். கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டையில் பக்கத்து விசைத்தறி மோட்டார் ஓடத் தொடங்கும்போது லைட் ஒருமுறை கண் சிமிட்டும் வீடுகளுக்கும் இதையே சொல்வேன். இந்த வகைக்குத் தனி ஸ்டெபிலைசர் தேவைப்படாது.

பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய பாணி. வாங்காமல் இருப்பது நல்லது. வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால் சுவிட்ச் 230-ல் இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளைகள் நகர்த்தாமல் மேலே ஒரு டேப் ஒட்டுங்கள். 115-ல் வைத்து நம் கரண்டில் போட்டால் அந்த நொடியே போய்விடும்.

80 ப்ளஸ் ஸ்டிக்கர் எதைச் சொல்கிறது?

வெள்ளை, பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று ஸ்டிக்கர்கள் உண்டு. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பதை அவை சொல்கின்றன. பிரான்ஸ் என்றால் பாதிப் பளுவில் 85 சதவீதம். 200 வாட் கேட்கும் கம்ப்யூட்டருக்கு அது சுவரிலிருந்து 235 வாட் இழுக்கும், 70 சதவீதத் திறன் மட்டும் உள்ள லோக்கல் பெட்டி 286 இழுக்கும். தினமும் ஆறு மணி நேரம் கேம் ஓடினால் மாதத்துக்கு 9 யூனிட் வித்தியாசம். இதற்காக கோல்டு வாங்க ஓட வேண்டியதில்லை. பட்ஜெட்டுக்கு பிரான்ஸ் போதும், ஆபீஸ் வேலை மட்டும் என்றால் வெள்ளையும் போதும்.

பாதுகாப்பு பற்றி அந்த ஸ்டிக்கர் எதுவும் சொல்வதில்லை. சோதனை நடப்பது 23 டிகிரியை ஒட்டிய அறையில். நம் ஊரில் சித்திரை வெயிலில் வெளியே 40-ஐத் தொடும்போது கேபினெட்டுக்குள் இன்னும் கூடுதலாக இருக்கும். 2021-ல் கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்கள் வெளியார் சோதனைகளில் வெடித்ததாகச் செய்தி வந்தது. இரண்டுமே 80 ப்ளஸ் கோல்டு. அந்த ஆகஸ்டில் கம்பெனி, அதிகப் பளுவில் தானாக அணையும் எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120-க்குக் குறைத்துவிட்டதாக அறிவித்து, குறிப்பிட்ட சீரியல் எண் உள்ளவற்றை மாற்றித் தருவதாகவும் சொன்னது. ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு எனக்கு அந்த ஒரு சம்பவம் போதும்.

ஆனாலும் ஸ்டிக்கருக்கு ஒரு பயன் உண்டு. சான்றிதழ் வாங்க மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், பெயருக்குச் செய்த பெட்டிகள் அதில் தேறாது. அதனால் இதை நுழைவுத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் 80 ப்ளஸ் இணையதளத்தில் கம்பெனி வாரியாக இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். '85 ப்ளஸ்' என்றோ, வெறும் பச்சை வட்டத்தில் 'ஹை எஃபிஷியன்சி' என்றோ இருப்பவை அந்தச் சான்று கிடையாது.

பாதுகாப்புக்குப் பார்க்க வேண்டியது வேறு. மாடலின் விவரப் பக்கத்தில் எந்தெந்தப் பாதுகாப்புகள் உண்டு என்று எழுதியிருப்பார்கள். வோல்ட்டேஜ் ஏறினால், இறங்கினால், மொத்தப் பளு மீறினால், ஷார்ட் ஆனால் தானாக அணைய வேண்டும். இந்த நான்கும் கட்டாயம். சூடு ஏறினால் அணைவது ஐந்தாவது, சேலத்துக்காரர்கள் அதையும் விடக் கூடாது என்பது என் கருத்து. முழு வாட்டை எத்தனை டிகிரியில் தரும் என்றும் எழுதியிருக்கும். 40 என்றால் ஏற்கலாம், 50 என்றால் மிக நல்லது. எதுவுமே எழுதாதவை பெரும்பாலும் 25 டிகிரியை மனதில் வைத்துச் சொன்னவை. உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி தாங்குபவையாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். சூடு பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு.

லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் குறியும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தால், பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு ஆகியிருக்கிறது என்று காட்டும். எண் ஒன்று, பொருள் வேறு என்று வந்தால் வாங்காதீர்கள்.

கடையில்

ஐந்து ரோடு பக்கமோ புது பஸ் ஸ்டாண்டு பக்கமோ கடைக்குப் போகும்போது மாடல் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். "நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் அவரிடம் இருப்பது வரும். மாடல் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பொருள் மாறும். கோர்செயர் சிவி, சிஎக்ஸ் இரண்டும் ஒன்றல்ல. அட்டையில் பெயர் போடும் கம்பெனிகள் பல, தாங்களே எஸ்எம்பிஎஸ் செய்வதில்லை. சேனல் வெல், கிரேட் வால் போன்ற தொழிற்சாலைகளில் செய்து வாங்குகின்றன. எஃப்எஸ்பி, சீசானிக் மாதிரி சிலர்தான் சொந்தமாகச் செய்பவர்கள். அதனால் ஒரே கம்பெனியில் மிக நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. பிராண்டைவிட மாடலின் சோதனை அறிக்கை முக்கியம். பளு ஏற்றி, அலைக்கருவி (ஆசிலோஸ்கோப்) வைத்து அளந்து, திறந்து பாகங்களைக் காட்டும் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். அட்டையைப் பிரித்து "சூப்பராக இருக்கிறது" என்று முடிக்கும் வீடியோக்களால் பயனில்லை.

கோர்செயர் சிஎக்ஸ், கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ பிரான்ஸ், டீப்கூல் பிகே ஆகிய வரிசைகளிலிருந்து தேடத் தொடங்கலாம். நேர்மையான 450 வாட்டுக்கு இரண்டாயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரத்து ஐநூறு வரை ஒதுக்கி வையுங்கள், விலை மாதத்துக்கு மாதம் மாறும். பணம் இடித்தால் வாட்டைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். ஒரே விலையில் லோக்கல் 750-உம் நல்ல 450-உம் கிடைத்தால் 450-ஐ எடுங்கள்.

"கேபினெட்டிலேயே எஸ்எம்பிஎஸ் இருக்கு, தனியா எதுக்குங்க?" என்று கடைக்காரர் சொல்வார். எஸ்எம்பிஎஸ் இல்லாத கேபினெட் கேளுங்கள், விலை குறையும். பில் கட்டாயம், அதில் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். வாரண்டி மூன்று வருடமா ஐந்தா, பழுதானால் எங்கே கொடுக்க வேண்டும், கடை வாங்கி அனுப்புமா என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், பழுதானால் அங்கே போய்வரும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய டெல், எச்பி ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் வரும் ஒரிஜினல் எஸ்எம்பிஎஸ் வாட் குறைவாக இருந்தாலும் பெரும்பாலும் நன்றாகச் செய்தது. அதைக் கழற்றிவிட்டு லோக்கல் 500 மாட்டாதீர்கள். பல மாடல்களில் கனெக்டரே வேறு, மாட்டவும் முடியாது. கார்டு வேண்டுமானால், தனிப் பவர் கேபிள் கேட்காத 75 வாட் கார்டுகளுக்குள் பாருங்கள்.

மாட்டுவது

இதில் பெரிய சிரமம் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றுங்கள். கேபினெட்டின் அடியில் காற்று ஓட்டையும் வலையும் இருந்தால் எஸ்எம்பிஎஸ் விசிறி கீழே பார்த்து இருக்கட்டும், இல்லையென்றால் மேலே. நான்கு ஸ்குரூ. மதர்போர்டுக்கு 24 பின், பிராசசருக்கு 4 அல்லது 8 பின், கார்டுக்கு 6 அல்லது 8 பின். 'கிளிக்' என்று பூட்டு விழும்வரை அழுத்துங்கள், அரைகுறையாக நிற்கும் கனெக்டர்தான் சூடாகி உருகும்.

பிராசசரின் 8 பின்னும் கார்டின் 8 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் இடம் மாறி இருக்கும். வலிந்து சொருகினால் ஷார்ட். கேபிள் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடலில் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் போடவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்கு ஒரே தரம் என்று எதுவும் கிடையாது. பொருந்துகிறதே என்று போட்டு ஹார்ட் டிஸ்க்கை எரித்தவர்கள் இருக்கிறார்கள். மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் கனெக்டர்) சாட்டாவுக்கு (ஹார்ட் டிஸ்க்கில் சொருகும் கனெக்டர்) மாற்றும், பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய மலிவு கனெக்டர்களும் தீப்பிடிக்கும் வகை. கார்டுக்குப் போதிய கேபிள் இல்லாமல் மாற்றுக் கனெக்டர் தேட வேண்டி வந்தால், அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கானதல்ல.

புதிதாக மாட்டிய முதல் வாரத்தில் கேமோ டிசைன் வேலையோ ஓடும்போது மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். பழைய மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவில் 11.4-லிருந்து 12.6-க்குள், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 4.75-லிருந்து 5.25-க்குள் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண்கள் பல நேரம் தவறாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். தூசியை வெளியிலிருந்து பிளோயரால் ஊதினால் போதும்.

கரண்ட் போகும்போதும் வரும்போதும்

சுவர்க் கரண்ட் அறுந்தாலும் எஸ்எம்பிஎஸ் சுமார் 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிகளின் எதிர்பார்ப்பு. அதற்குள் யூபிஎஸ் கை கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கென்றே விற்கும் யூபிஎஸ்கள் அதற்குள் மாறிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரைப் போட்டிருப்பவர்கள் அதன் பின்பக்கம் பாருங்கள், 'யூபிஎஸ் மோடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். அதைப் போடாததால்தான் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது, பழி எஸ்எம்பிஎஸ் மேல் விழுகிறது. 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தைச் சீராக்கும் பாகம்) உள்ள எஸ்எம்பிஎஸ் சில சதுர அலை இன்வெர்ட்டர்களோடு ஒத்துப்போகாது. புதிதாக இன்வெர்ட்டர் வாங்குகிறீர்கள் என்றால் சைன் வேவ் கேளுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈபியில் கரண்ட் நிறுத்தும் நாளில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் போடாமல் ஃபேன், லைட் இரண்டு மூன்று நிமிடம் சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குள்ளும் 400 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடும். சாதாரண எஸ்எம்பிஎஸ்கள் 264 வோல்ட் வரை தாங்கும்படி செய்தவை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 400-ல் அது போகும். நல்லது என்றால் தான் மட்டும் செத்து மதர்போர்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். லைட் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தால் மெயினை உடனே அணைத்துவிட்டு ஈபிக்குப் போன் போடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இடி இன்னொரு கவலை. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் சேர்வராயன் மலைமேல் கறுத்தால் அன்று வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான். சர்ஜ் ப்ரொடெக்டர் நல்லதே, ஆனால் அது முழுதாக வேலை செய்ய எர்த் வேண்டும், பாறை மேல் கட்டிய வீடுகளில் நல்ல எர்த் கிடைப்பதே கடினம். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவ வேண்டும். பலர் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரத்துக்கு மரம் கட்டி வரும் அந்த ஒயர் வழியாகவும் மின்னல் மதர்போர்டு வரை வரும், அதையும் கழற்றி வையுங்கள்.